மலைக்கு ஏறும் ஜீப்பும் வீட்டு மக்தபும்



"மூன்று வருடமாக ஓத அனுப்புகிறோம், வீட்டுக்கு வந்தவருக்கு ஸலாம் சொல்லப் பிள்ளைக்குத் தெரியவில்லையே, ஹஜ்ரத்?" போடிநாயக்கனூரில் மக்தப் நடத்தும் எவரும் இக்கேள்வியைக் கேளாமல் ஓராண்டைக் கழித்திருக்க முடியாது. கேட்பவர் பெரும்பாலும் தாயார். விடியுமுன் ஏலத்தோட்டத்து ஜீப்பில் மலையேறி, பொழுது சாயும்போது இறங்கி வருபவர். அவருடைய கேள்வியில் குற்றச்சாட்டும் உண்டு, ஏக்கமும் உண்டு. தம் பிள்ளை கண்விழிக்கும் நேரத்தில் அருகில் இருக்க இயலாத ஒருவர், தம் இடத்தில் நின்று வளர்க்கும்படி நம்மிடம் பிள்ளையை ஒப்படைத்திருக்கிறார்.

நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் நடக்கும் மக்தப், தாயின் இடத்தில் நிற்க வல்லதா? நம் சமூகத்தில் சிறுபிள்ளைகளுக்கு முதல் பாடங்கள் எங்கே, எவரால், எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால்தான் இதற்கு நேர்மையான விடை கிடைக்கும்.

மதீனாவிலிருந்தே தொடங்குவோம். உம்மு ஸலமா (ரலி) அவர்களின் மகன் உமர் பின் அபீஸலமா (ரலி) நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர். ஒருநாள் சேர்ந்து உண்ணும்போது அவருடைய கை தட்டு முழுவதும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயரைச் சொல்வது, வலக்கையால் உண்பது, தனக்கு அருகில் இருப்பதை எடுப்பது என்னும் மூன்றையும் நபியவர்கள் அந்த இடத்திலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அதன்பின் தம் உண்ணும் முறை அவ்வாறே அமைந்துவிட்டது என்று அவரே பெரியவரானபின் அறிவிக்கிறார். பாடம் நடந்த இடம் சாப்பாட்டுத் தட்டு. நீளம் ஒரு வாக்கியம். பயன் ஓர் ஆயுள்.

பேரர் ஹஸன் (ரலி) குழந்தையாய் இருந்தபோது ஸதக்காவாக வந்த பேரீச்சம்பழக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டார். குழந்தைக்குப் புரியும் மழலை ஒலியாலேயே அதைத் துப்பச் செய்து, நம் குடும்பத்தார் ஸதக்காப் பொருளை உண்பதில்லை என்று காரணத்தையும் சொன்னார்கள். சிறு குழந்தைக்கு ஃபிக்ஹுச் சட்டம் எதற்கு என்று அவர்கள் எண்ணவில்லை. இன்னொரு நிகழ்ச்சி நம் தாய்மார்கள் ஆழ்ந்து எண்ணத்தக்கது. ஒரு பெண்மணி தம் சிறுவனை, "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன தரப்போகிறாய் என்று நபியவர்கள் வினவினார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராதிருந்தால் அது ஒரு பொய்யாக உன்மீது எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். இங்கே பாடம் கேட்டவர் தாய். அருகில் நின்று கற்றவன் பிள்ளை.

பிறகு மக்தப் தோன்றியது. நகரங்கள் பெருகப் பெருக வலுப்பெற்றது. துனீசியாவின் கைரவான் நகரைச் சேர்ந்த முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்), ஹிஜ்ரி 256-இல், அதாவது பொது ஆண்டு 870-இல் மறைந்தவர், ஆசிரியர்களின் ஒழுக்கம் பற்றியே தனி நூல் எழுதினார். ஏழைப் பிள்ளைக்கும் செல்வர் பிள்ளைக்கும் வேறுபாடு காட்டக்கூடாது, பிள்ளைகளைத் தம் சொந்த வேலைக்கு ஏவக்கூடாது, அடிப்பதற்கு எல்லை உண்டு என்றெல்லாம் அதில் பேசப்படுகிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆசிரியரைக் கட்டுப்படுத்த ஒரு நூல் தேவைப்பட்டிருக்கிறதே என்று நம்மைப் போன்றோர் சற்று நாணத்தோடு படிக்க வேண்டிய நூல் அது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்), மக்தப் விட்டபின் பிள்ளையை விளையாட விடவேண்டும், ஓயாமல் படிப்பில் அமர்த்தினால் அதன் உள்ளம் மடிந்துவிடும் என்று இஹ்யாவில் எழுதினார்கள். இப்னு கல்தூன் (ரஹ்) 1377-இல் எழுதிய முகத்திமாவில், கடுமையால் வளர்க்கப்படும் பிள்ளை பொய்யையும் வஞ்சகத்தையும் கற்றுக்கொள்ளும் என்று விளக்குகிறார்கள். அடிக்கு அஞ்சும் பிள்ளை உண்மையை மறைப்பது இயல்புதானே.

தமிழகத்தில் இக்கதை வேறொரு வழியில் நடந்தது. இங்கே வீட்டின் மொழி தமிழ். மார்க்கத்தின் மொழி அரபு. இரண்டுக்கும் இடையே பாலம் கட்டாமல் ஒரு தாய் தன் மகளுக்கு ஒளூவின் ஃபர்ளைக்கூடச் சொல்லித்தர முடியாது. அப்பாலம் இரு வகையில் கட்டப்பட்டது.

ஒன்று, வினாவும் விடையுமாக அமைந்த தமிழ்ப் பாடல் நூல்கள். வண்ணப் பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572-இல் மதுரையில் அரங்கேறியது; முழுமையாக நமக்குக் கிடைக்கும் தமிழ் இஸ்லாமிய இலக்கியங்களில் மிகப் பழையதென மதிக்கப்படுவது. யூத அறிஞராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) கேட்கும் கேள்விகளும் நபியவர்கள் அளிக்கும் விடைகளுமாக அது அமைந்துள்ளது. 'நூறு மசலா'வோ ஓர் அரசகுமாரி தொடுக்கும் புதிர்களுக்கு விடை காணும் கதை. மசலா என்றால் கேள்வி. பாட்டி புதிர் போட, பேரன் விடை தேட, விடை தெரியாதபோது பாட்டியே பாடலாய்ச் சொல்லி முடிக்க ஏற்ற வடிவம் அது. அறிஞர் அவையில் அரங்கேறிய நூலின் வடிவம் அடுப்படிக்கும் பொருந்தியது. இவ்விலக்கியங்களில் சேர்ந்துள்ள செய்திகள் அனைத்தும் ஹதீஸ் கலையின் தராசில் நிற்பவை அல்ல என்பதை ஓர் உஸ்தாத் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். ஆயினும் கேட்டு அறிவது, ஐயம் வந்தால் வாய் திறப்பது என்னும் பழக்கத்தை அவை பிள்ளைகளுக்கு ஊட்டின. இன்றைய மக்தபுகளில் நாம் பெரிதும் இழந்திருப்பது அதைத்தான். பிள்ளை ஒப்பிக்கிறது, கேட்பதில்லை.

மற்றொன்று அரபுத்தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்துக்களிலேயே புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய வடிவங்கள் சமைக்கப்பட்டன. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் இது வேரூன்றியது. குர்ஆன் ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றுக்கொண்ட பெண், தமிழ் எழுத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படியாதவளாக இருந்தாலும், சில எழுத்துக்களைக் கூடுதலாகக் கற்ற அளவில் தன் தாய்மொழியில் நூல் படிக்கும் ஆற்றலைப் பெற்றாள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்று அறியப்படும் இமாமுல் அரூஸ் ஸையித் முஹம்மது (ரஹ்) அவர்கள் (1816-1898) 'ஃபத்ஹுத் தய்யான்' போன்ற மார்க்கச் சட்ட நூல்களை அரபுத்தமிழில் எழுதியது இத்தகைய வாசகர்களை முன்னிட்டுத்தான். கல்லச்சு வந்தபின் அந்நூல்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. தொழுகை, நோன்பு, தூய்மை பற்றிய ஐயங்களுக்குப் பெண்கள் ஆலிம்களைத் தேடிச் செல்லாமலே விடை காண முடிந்தது. அவர்களே பிள்ளைகளுக்கு விடை சொல்பவர்களாகவும் ஆனார்கள்.

வீட்டுக்குள் கற்ற பெண் எத்துணை உயரம் செல்ல முடியும் என்பதற்கு நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களே சான்று. மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றுவிட்டது. வீட்டிலிருந்தே படித்தார், எழுதினார். 1938-இல் வெளிவந்த அவருடைய 'காதலா கடமையா' நாவலுக்கு உ.வே. சாமிநாதையர் மதிப்புரை வழங்கினார். பள்ளிக்கூடத்தின் கதவு மூடியபின்னும் வீட்டின் கதவு அவருக்குத் திறந்திருந்தது.

நம் கம்பம் பள்ளத்தாக்கு கடற்கரை அன்று. உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், பெரியகுளம், போடி என்று பரவியிருக்கும் ராவுத்தர் குடும்பங்கள் தமிழை வீட்டு மொழியாகவும் எழுத்து மொழியாகவும் கொண்டவை. வாணிபமும் வேளாண்மையும் தோட்டத் தொழிலும் அவர்களின் வாழ்வு. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-இல் எழுந்தபின் உயர்கல்விக்கு மதுரை செல்ல வேண்டிய நிலை நம் பிள்ளைகளில் பலருக்கு நீங்கியது. அந்த வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாதது, மலை நம் வீடுகளை எவ்வாறு வடிவமைத்தது என்பது.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. மேலே மாநில எல்லை. அப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகள். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்திலிருந்தே அம்மலைகளில் ஏலம் பயிரிட்டவர்களிலும் அங்கே உழைத்தவர்களிலும் இப்பள்ளத்தாக்குத் தமிழர்கள் பெரும்பங்கினர். 1956-இல் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது மலை கேரளத்துக்கும் அடிவாரம் தமிழகத்துக்கும் ஆயின. வேலை மேலேயும் வீடு கீழேயுமாக நின்றுவிட்டன. தேயிலையும் இவ்வழியே இறங்கியதுண்டு. மூணாறுப் பக்கத்து டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கிய பெட்டிகள் போடிக்கு வந்து சேர்ந்தன. 1928-இல் மதுரையிலிருந்து ரயில் பாதை இங்கு வந்ததும் இந்த மலைச்சரக்கை நம்பித்தான். 2010 இறுதியில் மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2023 ஜூனில் அகலப்பாதையில் மீண்டும் வந்தபோது, அதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடியதால் அன்று மாலை ஓதலுக்கு ஆள் குறைந்தது. அதை நாம் பொருட்படுத்தவில்லை. இமாம் கஸ்ஸாலியின் ஃபத்வா கையில் இருந்தது.

ஏலக்காயின் இயல்பே குடும்பத்தைப் பிரித்து வைப்பது. செடியின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் காய் பிடிக்கும். ஒரே சரத்தில் பிஞ்சும் முற்றியதும் பூவும் சேர்ந்திருக்கும். ஆகவே ஒரேயடியாக அறுவடை செய்ய முடியாது. ஏறத்தாழ ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை, மாதத்திற்கு ஒரு சுற்று, ஒன்றரை மாதத்திற்கு ஒரு சுற்று என்று குனிந்து குனிந்து பக்குவமானதை மட்டும் பறிக்க வேண்டும். பிஞ்சை எடுத்தால் எடை நிற்காது. பழுக்க விட்டால் உலர்த்தும்போது வெடிக்கும். இப்பணி பெரும்பாலும் பெண்களின் விரல்களில் நடக்கிறது. பறித்த காய் ஸ்டோரில் ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் மிதமான சூட்டில் உலர்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக்காய் ஒரு கிலோவாகச் சுருங்குகிறது. பின்னர் போடியின் கிடங்குகளில் சலித்து, தரம் பிரித்து, ஏலத்திற்குப் போகிறது. (ஏலக்காயை ஏலம் விடும் ஊர் என்று நம் ஊரைப் பற்றிச் சொல்லும்போது வெளியூர்ப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. அரபு நாட்டார் கஹ்வாவில் இடும் இக்காயை 'ஹேல்' என்கிறார்கள் என்றால் நம் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.)

ஆக, ஆண்டில் பாதிக்கு மேல், தாய் விடியலில் ஜீப்பில் ஏறுகிறாள். வீட்டில் எஞ்சுவது நன்னி. பிள்ளையை எழுப்புவது, பல் விளக்கச் செய்வது, தொப்பியைத் தேடிக் கொடுப்பது, மக்தபுக்கு அனுப்புவது எல்லாம் நன்னியின் வேலை. கடற்கரையில் அரபுத்தமிழ் நூல் செய்த வேலையை இங்கே நன்னிமாரின் நினைவாற்றல் செய்தது. நபிமார் பெயர்களை வரிசையாய்க் கோத்த தாலாட்டு, சோற்றை மிச்சம் வைத்தால் சொல்லும் கண்டிப்பு, இருட்டில் வெளியே போகும் பிள்ளையின் வாயில் இட்டனுப்பும் ஆயத்துல் குர்ஸி ஆகியவை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நன்னி தானே தோட்டத்துக்குப் போகும் வீடுகளும் உண்டு. ஒருமுறை அளவை நிறுவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் முதஃப்பிஃபீன் சூராவின் பொருளை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு பையன், "ஹஜ்ரத், தோட்டத்துல கீழ விழுந்து கெடக்குற காயை எடுத்தா அதுவும் களவா?" என்று கேட்டான். நாம் விடை தேடித் தொடங்குவதற்குள் பக்கத்துப் பாயிலிருந்த ஒரு பெண்பிள்ளை, "எங்க நன்னி முந்தானையை நல்லா ஒதறிட்டுத்தான் ஜீப்புல ஏறும். ஒரு காய் ஒட்டிட்டு வந்தாலும் மறுநாள் கொண்டு போய்ப் போட்டுரும்" என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. ஹஸன் (ரலி) அவர்களின் வாயிலிருந்து வெளிவந்த பேரீச்சம்பழத்தின் ஹதீஸை அதன்பின் நாம் சொன்னோம். சொன்னது விளக்கவுரை மட்டுமே. பாடம் முன்னரே முடிந்திருந்தது. அந்த நன்னி மக்தபில் அமர்ந்து கற்றவரா என்று பின்னர் விசாரித்தோம். சிறுவயதிலேயே மலைக்குப் போய்விட்டாராம்.

இவ்வமைப்பு எத்தனை மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை இரு காலங்கள் நமக்குக் காட்டின. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தொடர்பான பதற்றத்தில் எல்லைப் போக்குவரத்து நின்று, மலையிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர் இறங்கி வந்தனர். 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் வந்தபோது எல்லை அடைபட்டது, ஜீப் நின்றது, பள்ளிவாசலும் மக்தபும் மூடின. கூலி இல்லாமல் பல வீடுகள் பட்ட துன்பத்தை மறைத்து அந்நாட்களைப் புகழ்வது அநியாயம். அத்துன்பத்தின் நடுவே வேறொன்றும் நடந்தது. தாய்மார் பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்தனர். அவ்வாண்டின் ரமலானில் தராவீஹ் வீடுகளில் நடந்தது. பல வீடுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் தமக்குத் தெரிந்த சிறு சூராக்களோடு தாயையும் தங்கையையும் பின்னே நிறுத்தித் தொழுவித்தனர். மக்தப் மீண்டும் திறந்தபோது தஜ்வீதில் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஸலாம் சொல்லத் தெரியவில்லை என்ற புகார் அந்த ஆண்டு நம் காதில் விழவில்லை.

அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். ஸலாமின் சொற்களை மக்தப் கற்றுத்தரும். அதன் உச்சரிப்பைத் திருத்தும். கதவைத் திறந்தவுடன் அது தானாக வாயில் வருவதற்குக் கதவு இருக்கும் இடத்தில் ஒருவர் வேண்டும். அவர் எட்டு மணி நேரம் இருக்க வேண்டியதில்லை. இரவு ஜீப் அலுப்போடு வரும் தாய் வாசலில் செருப்பைக் கழற்றியபடி பிள்ளைக்கு முதலில் ஸலாம் சொன்னால் அது முழு வகுப்பு. உமர் பின் அபீஸலமா (ரலி) கற்ற பாடம் அதைவிட நீளமானதன்று. இதைச் சொல்லும்போது அத்தாமார்களைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையன்று. புகாரோடு வருபவர்கள் ஏன் எப்போதும் தாய்மாராகவே இருக்கிறார்கள்? நபியவர்கள் தட்டில் அலைந்த கையைத் திருத்தியதும், பேரனின் வாயிலிருந்து கனியை எடுத்ததும், பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்து தொழுததும் ஆணாகவும் வீட்டுத் தலைவராகவும் இருந்துகொண்டுதான். கடைத்தெருவில் இஷா வரை பேசியிருக்கும் அத்தாவுக்கு மலைக்குப் போகும் மனைவியைக் காட்டிலும் நேரம் குறைவு என்று நம்மால் ஏற்க முடியவில்லை.

மதரசா தரப்பிலும் மாற்ற வேண்டியது உண்டு. ஆண்டு முழுவதும் ஒரே நேர அட்டவணை என்பது மலையடிவார ஊருக்குப் பொருந்தாது. எடுப்புக் காலத்தில் பாடத்தைச் சுருக்கி, வீட்டில் எவரிடமேனும் கேட்டு வரவேண்டிய ஒரு கேள்வியைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பத் தொடங்கியிருக்கிறோம். மசலா என்றே அதற்குப் பெயரிட்டோம். கேள்வி சிறியது: உன் நன்னிக்கு ஃபாத்திஹா சூராவை ஓதிக் கொடுத்தவர் யார்? மறுநாள் வரும் விடைகளைக் கேட்க ஒன்றரை மணி நேரம் போதவில்லை. சில விடைகள் நம் ஊரின் எழுதப்படாத வரலாறு. அவற்றை ஒரு நோட்டில் எழுதி வருகிறோம்.

அந்த நோட்டுக்காக வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். போடியிலும் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் பழைய டிரங்குப் பெட்டிகளில் அரபுத்தமிழ் நூல், மாலைப் பாடல்களின் கையெழுத்துப் படி, திருமணத்தில் மணமகளோடு வந்த கிதாபு ஏதேனும் இருந்தால், கரையான் முந்திக்கொள்ளுமுன் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். நூலை நமக்குத் தர வேண்டியதில்லை. அது அந்த வீட்டிலேயே இருக்கட்டும். பாடல்களாய் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் முதியவர்களின் குரலைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். மார்ச் முதல் மே வரை எடுப்பு ஓய்ந்து தோட்டத்துப் பெண்கள் வீட்டில் இருக்கும் நாட்களே இதற்கு ஏற்றவை. ஆகஸ்டில் முதல் சுற்று தொடங்கிவிட்டால் ஜீப் விடியலிலேயே வந்து நிற்கும்.